நெய் ஏறிய கவலை

(பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் தாய்மார்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மத்தி மீனுக்குக் கரைக்கு ஒரு பெயர். தெற்கே சாளை என்பார்கள். சென்னைக் கரையில் கவலை. ஆனால் ஆண்டு முழுக்க அது ஒரே மீனாக இருப்பதில்லை. முட்டை போட்டு ஓய்ந்த காலத்தில் சட்டியில் போட்டால் வறண்டு கிடக்கும். இரை பெருகுகிற மாதங்களில் அதே மீன் தன் எண்ணெயிலேயே வதங்கும். கூடையில் கை வைத்ததுமே இது எந்த மீன் என்று இங்கிருக்கும் அம்மாக்கள் சொல்லிவிடுவார்கள். மீனில் நெய் ஏறியிருந்தால் விலை ஏறும். பெண்ணின் உடம்பில் ஏறினால் மட்டும் ஏச்சு.

தமிழில் கொழுப்பு என்ற சொல்லே ஒரு வசைதான். எதிர்த்துப் பேசுகிற பெண்ணைப் பார்த்து ‘கொழுப்பு ஏறிப்போச்சு’ என்கிறோம். அடங்கி நடக்கிறவளுக்கு அது கிடையாதாம்! ஆனால் அதே வீட்டில் மகள் வயதுக்கு வந்ததும் நடப்பது என்ன? உளுந்தங்களி, நல்லெண்ணெய், கருப்பட்டி, முட்டை. இடுப்புக்கு வலு வேண்டும் என்று ஊட்டுகிறார்கள். பெண்ணின் உடம்பில் கொஞ்சம் இருப்பு இருந்தால்தான் மாதவிடாய் ஒழுங்காக வரும் என்பது ஆராய்ச்சிக்கூடங்களுக்கு முன்பே அடுப்படிக்குத் தெரிந்திருந்தது. பத்து நாள் களி ஊட்டிவிட்டு, பதினோராம் நாளிலிருந்து ‘உடம்பைக் குறை’ என்று ஆரம்பிப்பதுதான் விநோதம்.

பளு தூக்கும் பெண் எவ்வளவு கொழுப்போடு இருக்கலாம் என்பதுதான் இன்றைய பேச்சு. இதைப் பேச ஏரிக்கரை எதற்கு என்று கேட்கலாம். பெண்ணின் வலு இங்கே புதுச் செய்தி அல்ல என்பதுதான் காரணம். மீன்கூடையைத் தலையில் ஏற்றிப் பேருந்துக்கு நடக்கிறவர்களைப் பாருங்கள். ஏரித்தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி, பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு மணிக்கணக்கில் இறால் பிடிக்கும் இருளர் பெண்களைப் பாருங்கள். அந்தத் தோளையும் பிடியையும் உடற்பயிற்சிக்கூடத்தில் உண்டாக்கப் பல மாதம் பிடிக்கும். இவர்களில் யாரும் தன் கொழுப்புச் சதவீதத்தைக் கேட்டதில்லை. இவர்களுடைய பேத்திகள் கேட்கிறார்கள். கையில் போன் இருக்கிறது. போனில் வயிற்றில் ஆறு கட்டு தெரியும் பெண்கள் இருக்கிறார்கள்.

இந்த ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. அதே கரையில் இன்னும் வடக்கே போனால் ஸ்ரீகாகுளம் மாவட்டம். அங்கே ஊசவானிபேட்டையில் வளர்ந்தவர் கர்ணம் மல்லேஸ்வரி. 1994, 1995 இரண்டு ஆண்டும் 54 கிலோ பிரிவில் உலக சாம்பியன். அப்போது ஒலிம்பிக்கில் பெண்களுக்குப் பளுதூக்குதலே கிடையாது. 2000-ல் சிட்னியில்தான் முதல்முறையாகச் சேர்த்தார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் மல்லேஸ்வரியின் எடை ஏறியது. 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் 63 கிலோ பிரிவில் இறங்கி வெள்ளி வாங்கினார். சிட்னிக்கு 69 கிலோ பிரிவு. ஐந்தே ஆண்டில் 15 கிலோ மேலே! குண்டாகிவிட்டார், காலம் முடிந்துவிட்டது என்று எழுதியவர்களும் உண்டு.

சிட்னியில் ஸ்நாட்ச்சில் 110, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 130, மொத்தம் 240 கிலோ. வெண்கலம். ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண். கடைசி முயற்சியில் 137.5 கிலோவுக்குக் கை வைத்தார். அது மேலே நின்றிருந்தால் தங்கம். நிற்கவில்லை. முதல் இரண்டு இடம் பிடித்த சீனாவின் லின் வெய்னிங்கும் ஹங்கேரியின் மார்குஷும் தூக்கியது ஒரே அளவு, 242.5 கிலோ. தங்கம் யாருக்கு என்பதை முடிவு செய்தது தராசு. உடல் எடை குறைவாக இருந்த லின்னுக்குத் தங்கம். அன்றைய விதி அது. பின்னாளில் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். இப்போது அந்த மொத்த அளவை முதலில் எட்டியவருக்கே முன்னிடம்.

இந்த ஒரு போட்டிக்குள் இரண்டு பாடம் இருக்கிறது. பிரிவு வைத்து நடக்கிற விளையாட்டில் தேவைக்கு மேல் சுமக்கும் கொழுப்பு கம்பியைத் தூக்க உதவாது. அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனால் உடம்பு வளர்ந்தபோது பட்டினி கிடந்து பழைய 54-க்குள் திணித்துக்கொள்ளாமல் பிரிவை மாற்றிக்கொண்டவர்தான் பதக்க மேடையில் நின்றார். 2025-ல் உலகப் பளுதூக்கும் போட்டிகளில் பெண்களுக்கு எட்டுப் பிரிவு வகுத்தார்கள்: 48, 53, 58, 63, 69, 77, 86, அதற்கும் மேல். அந்தப் பட்டியலை எழுதியவர்களே பெண்ணுடம்பு ஒரே அளவு அல்ல என்று ஒப்புக்கொண்டுவிட்டார்கள். பயிற்சியாளர்கள் சிலர்தான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

பிரிவு ஒத்துவராதபோது என்ன ஆகும் என்பதை 2024 ஆகஸ்ட் 7 காலையில் நாடே பார்த்தது. மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 கிலோ பிரிவின் இறுதிக்கு வந்திருந்தார். முதல் நாள் மூன்று போட்டி முடிந்து சாப்பிட்டுக் குடித்ததில் எடை 52.7 கிலோ. இரவு முழுக்க வியர்வை வழிய உழைத்தார். தலைமுடியைக் கூட வெட்டினார்கள். காலையில் தராசு 100 கிராம் கூடக் காட்டியது. தகுதி நீக்கம், பிறகு நீர்ச்சத்து வற்றி சிகிச்சை. அந்த இரவில் போனது கொழுப்பு அல்ல, தண்ணீர். இங்கே வெயிலில் மீன் கருவாடாகிறதே, அப்படி. கருவாட்டை மறுபடி தண்ணீரில் போட்டால் ஊறும். அதனால் யாரும் அது இளைத்த மீன் என்று சொல்வதில்லை.

சரி, எத்தனை சதவீதம்? ஆண் உயிர் வாழக் கட்டாயம் வேண்டிய கொழுப்பு உடல் எடையில் 3 முதல் 5 சதவீதம் என்றால், பெண்ணுக்கு அது 10 முதல் 13. அமெரிக்க உடற்பயிற்சிக் கவுன்சிலின் பட்டியலில் விளையாட்டுப் பெண்களுக்கு 14 முதல் 20, கட்டான உடம்புக்கு 21 முதல் 24, சாதாரணமாக ஏற்கத்தக்கது 25 முதல் 31. பளு தூக்குகிறவர்களில் இலேசான பிரிவினர் முதல் அளவை ஒட்டியும், நடுத்தரப் பிரிவினர் இருபதுகளிலும், கனத்த பிரிவினர் முப்பதைத் தாண்டியும் இருப்பது சகஜம். டோக்கியோ ஒலிம்பிக்கில் 87 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவில் சீனாவின் லி வென்வென் 320 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். அவருடைய உடம்பைப் பார்த்து எந்த ஜிம்காரரும் ‘ஃபிட்’ என்று சொல்லியிருக்க மாட்டார்.

1970-களில் ஹார்வர்டைச் சேர்ந்த ரோஸ் ஃபிரிஷ் என்ற அறிஞர், முதல் மாதவிடாய்க்கு 17 சதவீதமும் அது தொடர்ந்து ஒழுங்காக வர 22 சதவீதமும் கொழுப்பு வேண்டும் என்றார். அழகான கணக்கு, பாதிதான் சரி. 15 சதவீதத்திலும் ஒழுங்காக மாதவிடாய் வருகிற பெண்கள் இருக்கிறார்கள், 24-ல் நின்றுபோனவர்களும் இருக்கிறார்கள். சேர்த்து வைத்திருக்கும் கொழுப்போடு, தினம் உள்ளே வருவது போதுமா என்பதையும் உடம்பு பார்க்கிறது என்று பிறகு வந்த ஆய்வுகள் காட்டின. வீட்டில் நகை இருக்கலாம்; அன்றாடச் செலவுக்குக் கையில் காசு வேண்டுமல்லவா? அதுதான்.

அந்தக் காசை எண்ணிப் பார்க்கலாம். ஒரு தங்கை 60 கிலோ, அதில் 25 சதவீதம் கொழுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். கொழுப்பு போக மீதி 45 கிலோ: தசை, எலும்பு, உறுப்புகள். அந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு நாளைக்கு 45 கலோரி மிஞ்சினால் உடம்பு நிம்மதியாக இருக்கும். 45 பெருக்கல் 45, 2025. பயிற்சியில் எரிவது 400 என்றால், சாப்பாடு 2400 சொச்சம் கலோரி இருக்க வேண்டும். அதே தங்கை 1750-ல் நிறுத்திக்கொண்டால் கிலோவுக்கு மிஞ்சுவது 30. அந்தக் கோட்டுக்குக் கீழே போனால் ஐந்தே நாளில் கருமுட்டையைத் தூண்டும் ஹார்மோனின் துடிப்பு தடுமாறத் தொடங்குகிறது. இது 2003-ல் அமெரிக்காவில் சோதித்துப் பார்த்த செய்தி. வெளியே எதுவும் தெரியாது. எடை கூட அப்படியே இருக்கலாம். உடம்பு செலவைச் சுருக்குகிறது: முதலில் கருப்பை, பிறகு எலும்பு, பிறகு சூடு, தூக்கம். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ல் இதற்கென்று ஒரு பெயர் வைத்து எச்சரித்தது. 2023-ல் அந்த அறிக்கையைப் புதுப்பித்தது. இருபதுகளின் முடிவுக்குள் எலும்பில் சேர்ப்பதுதான் சேமிப்பு. அந்த வயதில் மாதவிடாய் நின்று கிடந்தால், வங்கியில் போட வேண்டிய நாளில் எடுத்துச் செலவழிக்கிறோம் என்று அர்த்தம்.

போனில் வரும் அந்த ஆறு கட்டு வயிற்றுக்கு வருவோம். ஃபின்லாந்தில் மேடைப் போட்டிக்குத் தயாரான 27 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2017-ல் ஓர் ஆய்வு வெளியானது. சுமார் 20 வாரத்தில் கொழுப்பு 23 சதவீதத்திலிருந்து 13-க்குப் பக்கத்தில் இறங்கியது. போட்டி முடிந்து மூன்று நான்கு மாதத்தில் எடை திரும்பியது. தைராய்டு ஹார்மோன்களில் ஒன்று அப்போதும் முழுசாகத் திரும்பவில்லை. அமெரிக்காவில் இன்னொரு பெண்ணின் கதை 2016-ல் மருத்துவ இதழில் வந்தது. மருந்து மாத்திரை எதுவும் இல்லாமல் 15.1-லிருந்து 8.6 சதவீதத்துக்கு இறங்கி மேடை ஏறியவர். போட்டிக்குப் பிறகு அவருக்கு மாதவிடாய் திரும்ப 71 வாரம் ஆனது. ஒரு மாலை நேரப் புகைப்படம். ஒன்றே கால் வருஷத்துக்கும் மேல் வட்டி. அந்தப் படத்தில் இருப்பவரே மறு மாதம் அப்படி இருக்க மாட்டார் என்பதைப் படத்தின் கீழே யாரும் எழுதுவதில்லை.

அளக்கும் கருவிகளை நம்பியும் மோசம் போக வேண்டாம். ஜிம்மில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நிற்கிற மெஷின் உங்கள் கொழுப்பை அளப்பதில்லை. காலில் இலேசாக மின்சாரம் விட்டு, உடம்பில் எவ்வளவு தண்ணீர் என்று ஊகித்து, அதிலிருந்து கொழுப்பைக் கணக்குப் போடுகிறது. முந்தைய இரவு கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டிருந்தால் ஒரு கணக்கு. மாதவிடாய்க்கு இரண்டு நாள் முன்னால் இன்னொரு கணக்கு. மருத்துவமனை ஸ்கேனில் கூட ஒன்றிரண்டு சதவீதம் முன்பின் ஆகும். அப்படிப்பட்ட எண்ணில் 22-க்கும் 21-க்கும் நடுவே ஒரு பெண் அழுவது அநியாயம். அதைவிடத் தையற்காரரின் டேப் மேல். இடுப்பைச் சுற்றி மாதம் ஒருமுறை, அதே நேரத்தில், அதே இடத்தில்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, எவ்வளவு ஏறினாலும் பரவாயில்லை என்று யாரும் எழுந்து போகக் கூடாது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை. அதே கணக்கெடுப்பில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டும் ஒரே உடம்பில் இருக்கும். அதுதான் நம் ஊர்க் கோளாறு. மெலிந்து தெரிகிறவர்களும் தப்பவில்லை. புனே கே.இ.எம். மருத்துவமனையின் மருத்துவர் யாஜ்னிக்கும் இங்கிலாந்து மருத்துவர் யுட்கினும் 2004-ல் லான்செட் இதழில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் தங்கள் படத்தை வெளியிட்டார்கள். உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு இருவருக்கும் ஒன்றே, 22.3. கொழுப்பு ஆங்கிலேயருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2. பார்வைக்கு ஒல்லி, உள்ளே தசை குறைவு. இதற்கு மருந்து இன்னும் ஒல்லியாவது அல்ல, தசையைக் கூட்டுவது. நம் பெண்கள் பளு தூக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை. பதக்கம் வந்தால் வரட்டும். பட்டுக்கோட்டையில் பயிற்சி எடுத்த லோகப்பிரியா 2022-ல் நியூசிலாந்தில் காமன்வெல்த் வலுதூக்கும் போட்டியில் தங்கம் வாங்கினாரே, அதுபோல.

குறைக்க வேண்டியிருந்தால் மெல்லக் குறைக்கலாம். நார்வேயில் விளையாட்டு வீரர் வீராங்கனைகளை இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். வாரத்துக்கு உடல் எடையில் 0.7 சதவீதம் குறைத்தவர்களுக்குத் தசை கூடவே செய்தது. இரு மடங்கு வேகத்தில் குறைத்தவர்களுக்குக் கூடவில்லை. அறுபது கிலோ பெண்ணுக்கு 0.7 சதவீதம் என்பது வாரம் 400 கிராம் சொச்சம். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு மாதத்தில் பத்துக் கிலோ என்று விளம்பரம் வந்தால், பேப்பரை மீன் கட்ட வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் ஏரிக்கரைக்கு ஒரு வசதி உண்டு, ஒரு வழக்கக் கோளாறும் உண்டு. பளு தூக்கும் பெண்ணுக்கு எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் வேண்டும். அறுபது கிலோவுக்கு 96 கிராம். கழுவி ஆய்ந்த மீன் 200 கிராமில் 40 கிராம் கிடைக்கும். மூன்று முட்டையில் 18. அரை லிட்டர் பால் அல்லது தயிரில் 16. மீதியைச் சோறும் பருப்பும் பார்த்துக்கொள்ளும். டப்பாவில் வரும் மாவுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க அவசியமே இல்லை. முள்ளோடு மென்று தின்கிற காரப்பொடியும் நெத்திலியும் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைக் கொடுக்கும். கேழ்வரகுக் கூழும் கொடுக்கும். சோற்றை விட்டொழி என்று சொல்கிற பயிற்சியாளர் முதலில் இரண்டு மணி நேரம் சோறில்லாமல் வலை இழுத்துக் காட்டட்டும்.

கோளாறு வேறு. நல்ல இறாலும் நண்டும் ஐஸ் பெட்டியில் ஏறிப் போய்விடும். மிச்சம்தான் வீட்டுச் சட்டிக்கு. அந்த மிச்சத்திலும் முதல் தட்டு அப்பாவுக்கு, அடுத்தது அண்ணனுக்கு. காலையில் ஐம்பது கிலோ தூக்கிவிட்டு வந்த பெண்ணுக்குக் கடைசியில் குழம்பும் தலையும். இது சத்துக்குறைவு அல்ல, வரிசைக்குறைவு. இதைச் சரிசெய்ய எந்த அரசாங்கத் திட்டமும் வர வேண்டியதில்லை.

கடலுக்கே ஓய்வு உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகக் கூடாது. மீன் பெருகட்டும் என்று தடைக்காலம். பளு தூக்கும் பெண்ணுக்கும் ஆண்டில் சில மாதம் அப்படி வேண்டும். போட்டி இல்லாத மாதங்களில் இரண்டு மூன்று கிலோ ஏறட்டும், வயிற்றுக்குச் சாப்பிடட்டும், தூங்கட்டும். வலு கூடுவது அந்த மாதங்களில்தான். ஆண்டு முழுக்கப் போட்டி நாள் உடம்போடு இருக்க முயல்வது, தடைக்காலத்திலும் வலை போடுவது மாதிரி.

இனிக் கடைசியாக ஒரு விஷயம். பாரிஸ் ஒலிம்பிக்கில் பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானு 49 கிலோ பிரிவில் 199 கிலோ தூக்கி நான்காம் இடம் பிடித்தார். வெண்கலம் வாங்கிய தாய்லாந்துப் பெண் 200. ஒரு கிலோ வித்தியாசம். முடிந்ததும் பத்திரிகையாளர்களிடம், அன்று மாதவிடாயின் மூன்றாம் நாள் என்று மறைக்காமல் சொன்னார். அடுத்த ஆண்டு நார்வேயில் 48 கிலோ பிரிவில் உலகப் போட்டி வெள்ளி வாங்கியவரும் அவர்தான். அத்தனை கேமராவுக்கு முன்னால் அவர் சொன்னதை, இங்கே மகள் அம்மாவிடம் சொல்லத் தயங்குகிறாள். பயிற்சியாளரிடம் சொல்வதை நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை.

ஆகவே அம்மாக்களுக்கு ஒரு வேண்டுகோள். சுவரில் மாட்டியிருக்கும் தினசரிக் காலண்டரில், அமாவாசை பார்க்கிற அதே தாளில், மகளின் தேதியையும் குறித்து வையுங்கள். பயிற்சிக்குப் போகிற பெண்ணுக்கு மூன்று மாதம் வரவில்லை என்றால், ‘உடம்பு இறுகிவிட்டது, நல்லதுதான்’ என்று யார் சொன்னாலும் கேட்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். கை கால் எந்நேரமும் சில்லிட்டிருந்தாலும், ஒரே இடத்தில் எலும்பு வலி விடாமல் இருந்தாலும் அப்படியே. நீர்க்கட்டியா, தைராய்டா, சாப்பாடு போதவில்லையா என்று அவர்கள் பார்த்துச் சொல்வார்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருக்கிறதா என்பதையும் அன்றே பார்த்துவிடச் சொல்லுங்கள். போகும்போது அந்தக் காலண்டர் தாள்களையும், மகள் ஒரு வாரம் என்னென்ன சாப்பிட்டாள் என்று எழுதிய நோட்டையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.